டோரதி அத்தைக்கு ஒரு போன்

ஜூன் 3, செவ்வாய்

லிசி தூங்கிவிட்டாள். எட்டு மாதக் குழந்தை இவ்வளவு சத்தமாகக் குறட்டை விடலாமா? ஆசீரைக் கேட்டேன். "எங்க அப்பா மாதிரி" என்று பெருமையாகச் சொல்கிறார்.

சுபலட்சுமி மேடம் பேசினார். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் அவருடைய ரத்தப் பரிசோதனை லேபில்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு வேலை. "பதினாறாம் தேதி வந்துடு பெலிண்டா. அதுக்கு மேல உன் இடத்தை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்க முடியாதும்மா."

நியாயம்தான். எனக்கும் வேலை வேண்டும். மைக்ரோஸ்கோப்பை நினைத்தாலே கை பரபரக்கிறது. லிசியை ஆசீரின் அம்மா, டோரதி அத்தை, பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அத்தையிடம் இருப்பது பட்டன் போன். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாலக்கரை வீட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அத்தைக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தால்தான் வேலைக்குப் போவேன். சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

தில்லைநகரில் எங்கள் சிம் கம்பெனியின் கடைக்குப் போனோம். கல்யாணமான புதிதில் சிம் வாங்கப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்றே போன்தான் இருந்தது. இப்போது சுவர் முழுக்கப் போன்! ரீசார்ஜோடு சேர்த்து வாங்குவது, பழையதைக் கொடுத்து வாங்குவது, அவர்கள் சிம் மட்டுமே வேலை செய்கிற போன் என்று ஏகப்பட்ட வகை.

மெஹ்ரீன் என்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். கேமரா பார்த்தேன், பேட்டரி பார்த்தேன். "குழந்தை எச்சில் பட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"தண்ணி பட்டா தாங்கும்க்கா. எச்சிலுக்குக் கம்பெனில கேட்டுத்தான் சொல்லணும்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். எல்லாப் போனுக்கும் ஒரு நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 7, சனி

கறுப்பு. முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கறுப்பு வாங்கப் போனால், "நேத்துதான்க்கா இது இறங்குச்சு, கேமரா இன்னும் நல்லாயிருக்கும்" என்று மெஹ்ரீன் வேறு இரண்டைக் காட்டுகிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

ஆசீர் வண்டியை எடுத்துக்கொண்டே, "உன்னைப் பொண்ணு பார்க்க நான் ஒரே தடவைதான் வந்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடமும் அதையே பெருமையாகச் சொன்னார். அத்தை வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு யாருடா வேற மாடல் காட்டினா?"

ஜூன் 11, புதன்

எனக்குப் போனைத்தான் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லையா? இல்லை, போன் வாங்கிவிட்டால் வேலைக்குக் கிளம்ப வேண்டுமே என்றா —

தூக்கம் வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

வாங்கியாயிற்று. நாங்கள் வாங்கவில்லை, லிசி வாங்கினாள். "எனக்குத்தான போனு, நானும் வரேன்" என்று அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். நான் மெஹ்ரீனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த நீலப் போனை லிசி எடுத்து வாயில் வைத்துவிட்டாள்.

"டெஸ்ட் பண்ணிட்டாங்கக்கா" என்றாள் மெஹ்ரீன். பில் போட்டுவிட்டாள்.

அத்தையின் பழைய சிம் அதற்குள் போய்விட்டது. பட்டன் போன் அலமாரிக்குப் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததிலிருந்து அத்தைக்குப் பயிற்சி. வீடியோ கால் போட்டால் பாதி நேரம் மின்விசிறி தெரிகிறது, மீதி நேரம் அத்தையின் காது.

கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: லிசி வாயில் போன் போகவே கூடாது. போன் கண்ணாடியில் என்னென்ன வளரும் என்று மைக்ரோபயாலஜி படித்த எனக்குத் தெரியும். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

நாளைக்கு.

ஜூன் 16, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

லேபில் உட்கார்ந்து சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். அத்தையிடமிருந்து போன். ஒரு ரிங். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப — அடிக்குது, யாருமே எடுக்கல. ஆசீர் போன் திருவெறும்பூர் ஃபேக்டரி லாக்கரில் இருக்கும். என்ன ஆச்சு? பிள்ளை விழுந்துட்டாளா? அத்தை விழுந்துட்டாங்களா? மேடத்திடம் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தில் ஒரே நெரிசல். மாதாவே, மாதாவே என்று அழுதுகொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் பயந்துபோய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கதவைத் திறந்தால் — லிசி பாயில் குறட்டை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட?"

"ஏன் போன் பண்ணீங்க? ஏன் எடுக்கல?"

"நீ கூப்பிட்டியா? கேக்கலையே. பிள்ள பாலக் குடிச்சிட்டு நல்லா தூங்குதுன்னுதான் ஒரு ரிங் விட்டேன்."

ஆசீர் தஞ்சாவூர் ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்து இந்த வீட்டின் வழக்கமாம். ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் எல்லாம் நலம், எடுக்க வேண்டாம். நிற்காமல் அடித்தால்தான் விஷயம். கல்யாணமாகி மூன்று வருஷம், எனக்கு யாருமே சொல்லவில்லை! ஆசீரைக் கேட்டால், "இது எல்லா வீட்லயும் உண்டுன்னு நெனச்சேன்" என்கிறார்.

சரி, போன் எங்கே? பீரோவில், டர்க்கி டவலுக்குள், பூட்டி. "வாயில வைக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன."

ஜூன் 17, செவ்வாய்

மேடம் திட்டவில்லை. "நாளைக்கும் ஆட்டோ சொல்லி வைக்கவா?" என்று மட்டும் கேட்டார். லேப் முழுக்கச் சிரித்தது. நானும்தான், கொஞ்சம்.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் வீடியோ கால். மின்விசிறி. நன்றாகச் சுற்றுகிறது.

ஜூன் 26, வியாழன்

மெஹ்ரீனிடமிருந்து செய்தி: "அக்கா, நிறைய புது மாடல் வந்திருக்கு. சும்மா பார்க்க வாங்க." லிசியை அழைத்துக்கொண்டு வருகிறேன், எச்சிலைப் பற்றிக் கம்பெனியில் கேட்டு வையுங்கள் என்று பதில் போட்டேன்.

இன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. அத்தை. ஒரு ரிங்.

எடுக்கவில்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன்.