ஆற்றுக்குப் போகிற பேத்தியும் நீங்கள் அவிழ்த்த முடிச்சும்

என்னங்க,

இருந்தவரைக்கும் உங்களை நான் கூப்பிட்டதெல்லாம் இந்த ஒரு சொல்லால்தான். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் வாசலில் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் அப்படித் திரும்பிக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், வரி கோணலாகத்தான் போகும். உங்கள் திதிக்குப் பத்திரிகையில் போடலாம் என்கிறாள் தேவகி. படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் பேசுவது உங்களோடுதான்.

தேவகி யார் என்கிறீர்களா? நம் குமரேசனின் மகள். நீங்கள் போனபோது அவனுக்கே கல்யாணம் ஆகவில்லை. இப்போது அவன் பெண் காலேஜில் படிக்கிறாள். மெரினா நீச்சல்குளத்தில் பந்தயத்தில் ஜெயித்து ஒரு கப் கொண்டுவந்தாள். மந்தைவெளியில் நம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். அப்படித்தான் வைத்திருக்கிறேன். தண்ணீர் என்றாலே நடுங்குகிற வீட்டில் ஒரு மீன்குஞ்சு எப்படிப் பிறந்தது, சொல்லுங்கள்?

அவள்தான் ஒரு வெடியைத் தூக்கிப் போட்டாள். தை பிறந்ததும் காலேஜ் பெண்கள் சிலர், கூட ட்ரில் டீச்சர், எல்லோரும் ஒகேனக்கல் போகிறார்களாம். பரிசலில் உட்கார்ந்து தாங்களே துடுப்புப் போட்டு, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்து இறங்குகிற இடங்களில் போகப்போகிறார்களாம். காவிரிங்க. அதே காவிரி.

குமரேசன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அப்பாவை எடுத்துக்கிட்ட ஆத்துக்கு என் பொண்ணை நான் அனுப்பணுமா?"

"ஆறு என்னப்பா பண்ணும்? மேல மழையான்னு யாரையும் கேக்காம இறங்குனா?"

"வாயைப் பாரு. போய் உங்க ஆயாவைக் கேளு. அது சரின்னு சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் சொல்லமாட்டேன் என்ற தைரியம் அவனுக்கு. அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை. "எல்லாத்தையும் நானே பாக்கறேன். அப்புறம் பதில் சொல்றேன்" என்றேன்.

நீங்களும் நானும் காவிரிக்கு ஐப்பசி முழுக்குக்குப் போனோமே, டிராம் வண்டியை நிறுத்தி உங்கள் கண்டக்டர் வேலையும் போன மறுவருஷம். தம்பதியாக முழுகினால் முடிந்துகொண்டுதான் இறங்கவேண்டும் என்று உங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினீர்கள். அதன் நுனியில் என் முந்தானையை முடிந்தீர்கள். நல்ல வெயில் அன்றைக்கு. மூன்றாவது முழுக்கில் தண்ணீர் செங்காவியாக மாறி, படியிலிருந்து நம்மைத் தூக்கியது. என் கைக்குப் படித்துறைச் சங்கிலி கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்கவில்லை.

முடிச்சு நழுவிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் உங்கள் விரல்கள் அந்த முடிச்சைத் தேடி வந்தது எனக்குத் தெரியும். நழுவவில்லை. அவிழ்த்தீர்கள். ஏன் அவிழ்த்தீர்கள்? நான் இழுத்திருக்கமாட்டேனா? உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது பதில் சொன்னீர்களா?

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். தேவகி என்னை உட்காரவைத்து எல்லாம் விளக்கினாள். வெள்ளம் வடிந்த பிறகுதான் போவார்களாம். மைசூர்ப் பக்கம் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறுமாம். அதனால் தினம் காலையில் அந்த ஊர்ப் பரிசல்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவது. முதல் நாள் கரையோடு நடந்து ஒவ்வொரு இறக்கத்தையும் பார்ப்பது. மிரட்டுகிற இடம் வந்தால் பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரைவழியே நடந்துவிடுவது. "அதுல வெட்கமே கிடையாது ஆயா" என்றாள். மிதப்பதற்கு ஆளுக்கொரு தக்கைச் சட்டை டீச்சர் ஏற்பாடு செய்துவிட்டாராம். தண்ணீரில் விழுந்தவர்களுக்கு எறிவதற்கு மட்டும் லாரி டியூப் வேண்டும் என்றாள்.

டியூப் வாங்க நானும் போனேன். மாதா கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது.

"இன்னா ஆயா, லாரி வாங்கிட்டியா?"

"பொண்ணு ஆத்துக்குப் போவுது. ஓட்டை இருந்துச்சுன்னா உன்னை வந்து கேப்பேன்."

"நம்ம கை பட்ட டியூபுல ஓட்டையா? நல்லா கேட்டே போ!"

"பேசாதே. தண்ணியில முக்கு."

முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதிலிருந்து ஒரு குமிழி மெல்ல மேலே வந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"சர்தான், கீது" என்று தலையைச் சொறிந்தான்.

வீட்டுக்கு வரும்போது எனக்குப் பாதி மனசு வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நல்ல கயிறாக வாங்கி அவள் இடுப்பில் ஒரு முனையும் பரிசலில் ஒரு முனையும் கட்டிவிட்டால் என்ன? அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் குமரேசனை என் முந்தானையில் முடிந்துகொண்டுதானே நாலு மாடவீதியும் சுற்றினேன், தொலைந்தானா?

இதைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அய்யோ ஆயா, அது மட்டும் கூடவே கூடாது. வா, காட்டறேன்."

அன்றைக்கு அடைமழை. வாசலில் சாக்கடையோரம் கணுக்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கொட்டாங்குச்சி எடுத்து வந்தாள். ஒன்றில் ஒரு கத்தரிக்காய்க் காம்பை நூலால் சேர்த்துக் கட்டினாள். இன்னொன்றில் காம்பைச் சும்மா வைத்தாள். ஓட்டத்துக்கு நடுவே ஒரு செங்கல்லைப் போட்டுவிட்டு இரண்டையும் விட்டாள். செங்கல்லில் மோதி இரண்டும் கவிழ்ந்தன. கட்டாத காம்பு மிதந்துகொண்டே பக்கத்து வீட்டுப் படிக்குப் போய் ஒதுங்கியது. கட்டின காம்பைக் காணோம். குனிந்து பார்த்தேன். ஓடு கல்லில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நூல் விறைத்து நின்றது. அதன் நுனியில், தண்ணீருக்கு அடியில், அந்தக் காம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

"தண்ணி ஓடுற இடத்துல கட்டுனது எதுவும் மேல வராது ஆயா. அவுத்துவிட்டாத்தான் மிதக்கும்."

நான் கையை விட்டு நூலைத் துழாவினேன். ஈர முடிச்சு லேசில் அவிழவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தேன். காம்பு சட்டென்று மேலே வந்து, என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

அந்த வெள்ளத்தில், மூச்சு முட்டுகிற நேரத்தில், ஈர முடிச்சை எப்படிங்க அவிழ்த்தீர்கள்? எவ்வளவு அவசரப்பட்டிருப்பீர்கள் எனக்காக?

"என்ன ஆயா, கத்தரிக்காய்க் காம்புக்கா அழுவுறே?"

"ஆமாண்டி. நீ போய்ட்டு வா. உங்கப்பன் கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். மழையில் நனைந்தபடியே என்னைக் கட்டிக்கொண்டாள். குமரேசனிடம் அன்றைக்குத்தான் முடிச்சு விஷயத்தைச் சொன்னேன். உங்கள் படத்துப் பூவை நேராக்கி வைத்தான். அப்புறம், "மூணாவது டியூபை மாத்திட்டானா அந்தக் கடைக்காரன்?" என்று கேட்டான். அவ்வளவுதான் அவன் சம்மதம். மாற்றிவிட்டான், நான் விடுவேனா?

இன்னொரு சேதி. ஆற்றில் புடவையும் ஆகாது, பெல்பாட்டமும் ஆகாதாம். பெட்டியிலிருந்த உங்கள் டிராம்கால காக்கி பேண்டை முட்டியோடு வெட்டி அவளுக்குத் தைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இடுப்பில் கொஞ்சம் பிடித்தேன், அவ்வளவுதான். போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிப்பதுபோல நடித்துக் காட்டினாள்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் கீழே கரையில் கயிறு எறிய ஆள் வேண்டுமாம். கடைசி இறக்கத்துக்கு நான் வருகிறேன் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எறிஞ்சு காட்டுங்க" என்றார். தினமும் மொட்டைமாடியில் எறிந்து பழகுகிறேன். ஆரம்பத்தில் கொடியில் காய்ந்த துணிதான் விழுந்தது. இப்போது வைத்த வாளிக்குள் போய் விழுகிறது. டீச்சரும் சரி என்றுவிட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்களைக் கொண்டுபோன அந்த ஆற்றின் கரையில் நான் நிற்பேன். அவள் விழுந்தால் கை எட்டுகிற தூரத்தில் கயிற்றை எறிவேன். ஆனால் மறுமுனையை என் இடுப்பில் முடிந்துகொள்ளமாட்டேன். கையில்தான் பிடித்திருப்பேன், நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததுபோல.

நீங்கள் அவிழ்த்துவிட்டதால் கரையேறியவள்,
உங்கள் வீட்டுக்காரி,
தேவகியின் ஆயா.