குளிர்மலைச் சிவப்பு

இன்று காலை துபாய் அல் கூஸில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் பெட்டி ஒன்று சரிந்து ஒரு ஒயின் பாட்டில் உடைந்தது. வடக்கு இத்தாலியின் மலைச்சரிவில் விளைந்த சிவப்பு. ஈரமண்ணும் புளிப்புப் பழமும் கலந்த வாசனை சிமெண்ட் தரையிலிருந்து எழுந்ததும், துடைக்க வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். நீ இறந்து நாலு மாதம் ஆகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாம் ஒரே ஓட்டலில் பரிமாறினோம், ஒரே ரூமில் படுத்தோம். புது ஒயின் வந்தால் பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு மடக்கு ருசிக்கத் தருவார்கள். நாங்கள் முகம் சுளித்து விழுங்குவோம். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்த நீ மட்டும் நோட்டில் எழுதிவைப்பாய். அந்த மலைச் சிவப்பு ஏன் இப்படிப் புளிக்கிறது என்று நான் கேட்டதற்கு, "அங்க ராத்திரி குளிரு. பழம் அவசரப்படாமப் பழுக்கும். அதான் புளிப்பு போகாம நிக்குது" என்றாய்.

ஒயின் பரிந்துரைக்கிற வெள்ளைக்காரர் வேலையை விட்டதும் அந்த இடத்தை நீ கேட்டாய். அதற்கெல்லாம் ஐரோப்பாவில் பிறந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் சிரித்தார். நாக்குக்கும் பாஸ்போர்ட் வேண்டுமா என்று நீ திருப்பிக் கேட்டாய். கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார். துணி சுற்றிய மூன்று பாட்டில்கள். ஊற்றியது நான். முதலாவதைத் தப்பாகச் சொன்னாய். இரண்டாவது சரி. மூன்றாவதை முகர்ந்ததுமே மலையின் பெயரோடு சொன்னாய். மேனேஜர் முகம் கறுத்துப்போனது. ஊற்றிய நான்தான் உனக்கு லேபிளைக் காட்டியிருக்க வேண்டும் என்றார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். லேபிளைக் காட்டினேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் விசா கேன்சல். நான் துபாய் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போட்டேன். பயம், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். செய்யாத தப்புக்கு எழுதமாட்டேன் என்றாய். ஆறு மாதம் திரும்பி வரக்கூடாதென்று தடை போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். ஏர்போர்ட்டுக்கு நான் வரவில்லை. ரூமில்தான் இருந்தேன்.

தடை முடிந்து நீ திரும்பி வந்ததும் பர் துபாயில் வேறொரு ஓட்டல் உன்னை நேர்காணலுக்கு அழைத்தது. அவர்கள் நம் ஓட்டலில் விசாரிக்க, என் கையெழுத்துப் போட்ட காகிதம் பேக்ஸில் போனது. பரிமாறுகிறவர்களின் கேப்டன் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். அன்று டியூட்டிக்குப் போகவில்லை. சீருடையோடு அந்த ஓட்டலுக்கு நடந்தேன். அங்கிருந்த பெண் அதிகாரியிடம், "அதில் இருப்பது என் கையெழுத்துதான். ஆனால் எழுதியிருப்பது பொய். வேண்டுமானால் இப்போதே அவனைச் சோதித்துப் பாருங்கள்" என்றேன்.

சோதித்தார்கள். உனக்கு வேலை கிடைத்தது. அந்த வாரமே எனக்குப் போனது.

அதன்பிறகு ஒருநாள் வந்தாய். கோட்டில் ஒயின் பரிந்துரைப்பவருக்கான திராட்சைக்கொத்துச் சின்னம். நான் கட்டிப்பிடிக்க வந்தபோது தள்ளியே நின்றாய்.

"நீ கையெழுத்துப் போட்டத மறக்கமாட்டேன் மாப்ள. வந்து உண்மையச் சொன்னதையும் மறக்கமாட்டேன்."

அப்புறம் சாப்பிடக் கூட்டிப்போனாய்.

பல வருடம் அந்தச் சின்னத்தோடு நின்று, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கே ஊற்றினாய். எத்தனை பேர் உன் ஊரை விசாரித்து வியந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வியக்க அதில் என்ன இருக்கிறது? திராட்சை நம் ஊரிலும் காய்க்கிறது.

நீ சொன்ன அந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இறக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முழுதாகப் படிக்கிறேன். பொய்யென்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அதனால் இரண்டு முறை வேலை போயிருக்கிறது. மூன்றாவது முறை போனாலும் போகட்டும்.