மாப்பிள்ளை வீட்டுப் பெயர்

அண்ணை,

இன்று மழைக்கு லண்டன் லூயிஷாம் நூலகத்தில் ஒதுங்கினவன், ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டினேன். உங்கள் வெள்ளைக்கார மருமகனின் பெயரைத் தேடினேன். லாவெண்டர். பூவிலிருந்து வந்த பெயர் என்றுதானே நாம் இருவரும் நினைத்தோம்? இல்லையாம். பழைய பிரெஞ்சில் துணி வெளுப்பவரைக் குறித்த சொல்லாம். அந்தத் தொழில் செய்தவர்களுக்கு அதுவே குடும்பப் பெயராகிவிட்டதாம். கடவுளே! மூன்று தரம் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரமும் வாசித்தேன்.

கலியாண மண்டபத்தில் என் தோளில் தட்டி என்ன சொன்னீர்கள்? "எங்கடை மாப்பிள்ளையின்ரை பேரைப் பாத்தியே? சொல்லேக்கையே மணக்குது!" நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் உங்கள் மகள் மாலதி வேறொருவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். டூட்டிங்கில் மருந்துக்கடை வைத்திருக்கும், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தங்கமான பிள்ளை. அவன் வாசலைத் தாண்டியதும், "ஊருக்குப் போன் அடிச்சுக் கேள், என்ன ஆக்கள் எண்டு" என்றீர்கள். கேட்டேன். மறுமுனையில் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன்.

"வெளுக்கிற ஆக்களாம், அண்ணை."

நீங்கள் அவன் தேத்தண்ணி குடித்த கோப்பையை எடுத்துக் குப்பைவாளியில் போட்டீர்கள். மாலதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

நூலக வாசலில் நின்றே அவளுக்குப் போன் எடுத்தேன். புத்தகத்தில் கண்டதைச் சொல்லி முடித்தேன். அவள் பதறவே இல்லை.

"ஓம் சித்தப்பா, தெரியும். கலியாணத்துக்கு முன்னமே அவர் எனக்குச் சொன்னவர்."

"பிறகேன் பிள்ளை அப்பாட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் ரெண்டு பேரும் இவரின்ரை ஊருக்கும் அடிச்சுக் கேட்டிருப்பியள்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பெற்ற மகள் உங்களுக்குப் பயந்து இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், அண்ணை! உங்களுக்கு மட்டுமா? எனக்கும்தான். உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கேட்க நீங்கள் இல்லை.

போன மாதம் டூட்டிங்கில் அந்த மருந்துக்கடைப் பிள்ளை என்னைக் கண்டான். கடையை விட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "உங்கடை அண்ணையின்ரை செத்தவீட்டுக்கு வர ஏலாமல் போட்டுது, அங்கிள். குறை நினைக்காதையுங்கோ" என்றான்.

அன்றைக்கு ஊருக்குப் போன் எடுத்த கை அது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.