வாணலியில் இருந்த கருப்பு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே இருவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதால், நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் வேண்டும். போன தடவை வந்தபோது ஒரு நான்ஸ்டிக் வாணலி வாங்கித் தந்தாயே, அதன் கருப்பு ஒரு பூச்சு என்பது உன் அம்மாவுக்குத் தெரியாது. கரி என்று நினைத்து, நீ இங்கே இருந்தபோதே கம்பிநார் போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். "பொண்ணு ஏமாந்து கரிபிடிச்ச சட்டிய வாங்கிட்டு வந்திருக்கா, சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவா" என்று எனக்கு உத்தரவு வேறு. நீ போன பிறகும் விடவில்லை. கடைசியில் உள்ளே வெள்ளையாகப் பளபளத்ததும் பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினாள். டீச்சர் மிகவும் பாராட்டினார், படித்தவர்.

அதற்குப் பிறகுதான் நீ அந்த வீடியோவை அனுப்பினாய். கீறல் விழுந்த நான்ஸ்டிக் விஷம் என்று ஒருவர் அழாத குறையாகச் சொல்கிறார். பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான், "அவ்வளவு கருப்பும் எங்கங்க போச்சு?" பாதி சாக்கடையில், மீதி ஆம்லெட்டில் என்று உண்மையைச் சொன்னேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் உண்மை சொல்லி நன்மை விளைந்ததே இல்லை. அன்றிலிருந்து நான் இருமினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறாள். ஆனால் பயம் என்னைப் பற்றியது அல்ல, உன் பிள்ளையைப் பற்றியது. முதல் மாதங்களில் நீ இங்கே தங்கித் தின்ற முட்டையெல்லாம் அந்தச் சட்டியில் செய்தது. நீ போன் செய்தால் "அப்பாகிட்ட பேசு" என்று என்னிடம் தள்ளுவது அதனால்தான், கோபமில்லை. அம்மாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் கரையாது, அப்படியே வெளியே போய்விடும், வெறும் சட்டியை அடுப்பில் காயவிட்டுப் புகை கிளப்புவதுதான் கெடுதல், தேய்ந்ததைத் தூக்கிப் போடுங்கள் என்றார். ஒட்டாமலிருப்பதே அதன் தொழில், வயிற்றிலும் கொள்கை மாறாது என்று நானும் எடுத்துச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பா இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வாணலியைத் தூக்கிப் போட்டாயிற்று. எனக்கும் சமாதானம் சொல்லி அலுத்துவிட்டது. உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அம்மாவிடமே பேசு, என் வழியாக வேண்டாம், இந்த வீட்டில் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உனக்கே தெரியும். அன்பாக மட்டும் பேசிவிடாதே, ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவாள். புதுச் சட்டியை யாராவது கம்பிநார் போட்டுத் தேய்ப்பார்களா என்று கத்து. நீ கத்தினால்தான் அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறதென்று நம்புவாள்.

மூவரும் நீடூழி வாழ்க. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவை மறக்காமல் திட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா