உன் வலப்பக்கச் சுவர்

அடியே தோழி,

எத்தனை முறை சோப்பு போட்டாலும் விரல்களில் இரத்த வாடை போகவில்லை. மேற்கு மாம்பலம் கறிக்கடையில், "வெட்டாம முழுசா குடுங்க பாய்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டு இதயத்தில் கத்தி இறங்கிவிட்டது. முழுசாக வேறொன்று வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று இதயப் பாடம். இந்த வாடை வந்தாலே நீ வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறாய்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கத்தி எப்போதும் உன் கையில்தான். மீன்காரம்மா மகளாயிற்றே, விடுவாயா? இதயத்தின் கீழறைகள் இரண்டையும் திறந்து சுவர்களைக் கிள்ளிப் பார்ப்போம். இடது சுவர் தடி, வலது மெல்லிசு. இடது அறை உடம்பு முழுக்க இரத்தம் தள்ள வேண்டும். வலது அறைக்கோ பக்கத்திலிருக்கும் நுரையீரல் வரைதான் வேலை.

இரண்டாம் ஆண்டில் நீ மயங்கி விழுந்தபோது எடுத்த ஸ்கேனில், உனக்கு வலது சுவரும் தடித்திருந்தது. நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தமாம். ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, ஆனால் படிக்கலாம் என்றார் டாக்டர். உன் அம்மா கேட்கவில்லை. "காலேஜும் வாணாம், ஒண்ணும் வாணாம். என் கண்ணு முன்னால குந்திகினு இரு, போதும்" என்று அழுதார்.

நீ சண்டை போடவில்லை. மறுநாள் ஆட்டு இதயம் வாங்கிவந்து, அவர் மீன் அரியும் அரிவாள்மணையிலேயே பிளந்து, அவர் விரலைப் பிடித்துச் சுவர்களில் வைத்தாய். நானும் கூட இருந்தேன்.

"இன்னாடி, இந்தாண்ட கெட்டியா கீது, அந்தாண்ட தோலாட்டம் கீது?"

"எனக்கு அந்தாண்டயும் கெட்டிம்மா. பக்கத்துல அனுப்பவே அது அம்மாம் பாடு படுது. அது பாடுபடசொல்லோ, நான் மட்டும் சும்மா குந்திகினு இருக்கணுமா?"

அம்மா கையைக் கழுவினார். "பஸ் பூடும், கெளம்பு" என்றார். அடேயப்பா, அன்று எனக்கு வந்த பெருமை! இவள் என் தோழி என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பட்டம் வாங்கினாய். அடையாறில் ஒரு பள்ளியில் சில வருடங்கள் பாடம் நடத்தினாய். பிறகு அந்தச் சுவர் களைத்துப்போயிற்று.

உன்னை எடுத்த அன்று, "வேலைக்கு அனுப்பியே கொன்னுட்டா" என்று உறவுக்காரி ஒருத்தி முணுமுணுத்தாள். அம்மா சட்டென்று எழுந்தார். "வூட்ல குந்தவெச்சிருந்தா நோயாளியா போயிருப்பா. எம் பொண்ணு டீச்சராத்தான் போறா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "ஒருத்தங்களுக்கு வலது சுவரும் தடியாயிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க மிஸ்?"

"மருந்து சாப்பிடுவாங்க. காலேஜ் போவாங்க. டீச்சர் ஆவாங்க" என்றேன்.