நண்டுத் தொட்டிக்குப் பட்டறை மணல் வேண்டாம்

ஷைனி அப்பா,

சிப்காட் பஸ் வருகிற நேரம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறீர்கள் என்று எழுப்பவில்லை. நாஷ்டாவுக்கு இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

கண்ணாடித் தொட்டியைத் தோண்டாதீங்க. ஷைனியோட சங்கு நண்டு சாகவில்லை. தோல் உரிக்க மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். பாதியில் கிளறினால்தான் செத்துப்போகும். செத்திருந்தால் அழுகின மீன் மாதிரி நாறும். இப்போதுகூட மோந்து பார்த்தேன், வெறும் மண்வாசனைதான்.

"உன் ஈரமண்ணுலதான் செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டு என் மணலைக் கொட்டறேன்" என்று நேற்று சொன்னீர்களே, அந்த மணல் வேண்டாம். வார்ப்புப் பட்டறையிலிருந்து ஆசையாகத்தான் சுமந்துகொண்டு வந்தீர்கள். மாவு மாதிரி நைஸாகவும் இருக்கிறது. ஆனால் அச்சு இறுக அதில் கெமிக்கல் கலக்கிறதை நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? கழுவிப் பார்த்தும் மருந்து நெடி போகவில்லை. தொட்டியில் நான் போட்டது சாதா மணலும் தேங்காய் நார்த்தூளும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அந்த ஈரத்தில்தான் நண்டால் பள்ளம் பறிக்க முடியும்.

வேனில் ஏறும்போது ஷைனி, "அப்பா தூக்கிப் போட்டுருவாராம்மா?" என்று கேட்டாள். மாட்டார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மெர்சி

வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுங்க.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். "பட்டறை மண்ணைத் தவிர உங்களுக்கு இன்னா தெரியும்" என்று ஷைனி எதிரில் நான் கேட்டதிலிருந்து நீங்களும் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டுக்கினு இருக்கீங்க. உங்களையும் நான் தோண்டமாட்டேன். சாயங்காலம் நாங்கள் வரும்போது நீங்களாக வெளியே வந்துடுங்க.