அப்பாவின் ஆட்டமும் உன் கல்யாணக் கேசட்டும்

அண்ணே,

இன்றைக்கு என் மருமகள் ஓடிக்கொண்டிருந்த தொடரைப் பாதியில் நிறுத்தி, குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு எவ்வளவு லேசாகப் போய்விட்டது! உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அப்பாவின் ஒயிலாட்டக் குழுவை டிவிக்காரர்கள் படம் பிடித்துப் போனார்கள். அது வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா போடிமெட்டு எஸ்டேட் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கழியும்வரை வாசல் தாண்டக் கூடாது. அங்கே டிவியும் கிடையாது; கொண்டுபோய் வைத்தாலும் மலைக்குள் நிலையம் எடுக்காது. சோறும் இறங்கவில்லை அவளுக்கு. போடியில் உன் வீட்டில் பதிவு செய்து, டிவியையும் கேசட்டு ஓட்டும் டெக்கையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவதென்று முடிவு செய்தாய். வாடகை டெக்கு வந்தது. புதுக் கேசட்டு எந்தக் கடையிலும் அகப்படவில்லை. உன் கல்யாணக் கேசட்டின் கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, போதும் என்றாய்.

சொன்ன நேரத்துக்குப் பொத்தானை அழுத்தினாய். வந்தது கிரிக்கெட்டு. "இந்தா முடிஞ்சிரும்" என்றாய். எங்கே முடிந்தது? நிறுத்தினால் அந்த நேரம் பார்த்து ஆட்டம் தொடங்கிவிடுமோ என்று பயந்து ஓடவிட்டோம். பிறகு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. வருந்தி என்ன பண்ண? கடைசியில் டிவியில் அறிவிக்கிற அம்மா வந்து அப்பாவின் குழுப்பெயரைச் சொல்ல, அதே நேரத்தில் நாடா தீர்ந்து டெக்கு நின்றது.

"வெரசா சுத்துண்ணே!" என்று கத்தினேன். பின்னால் சுற்றினாய். எதுவரை போனதென்று பார்க்க நேரமில்லை.

"போதும், போதும், கல்யாணம் அழிஞ்சிரும்!"

என் மேல் பாய்ந்தாய். "கல்யாணப் பொண்ணு இங்கனதான் நிக்கிறா. அப்பாவ எங்க போயித் தேடுறது?"

ஆட்டம் முடிந்ததும் மதினி மெல்லச் சொன்னாள், "கல்யாணக் கேசட்டுலயும் மாமா இருந்தாகளே..."

அதைப் போட்டுப் பார்க்கவும் உனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் எஸ்டேட்டில் கேசட்டு ஓடியது. அப்பா கடைசி வரிசையில் கைக்குட்டையை வீசி ஆடினார். அம்மா அசையவில்லை. சட்டென்று படம் வெட்டி, உன் கல்யாணப் பந்தி வந்தது. ரசவாளியோடு நின்ற அப்பா, அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார்: "ஏ புள்ள, நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்லங்க" என்றாள் அம்மா, டிவியைப் பார்த்து.

நீ அடுப்படிக்கு ஓடிப்போய் ஒரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்தாய். முழுதாகச் சாப்பிட்டாள்.

நீ தாலி கட்டினது மொத்தமும் அழிந்திருந்தது. மிச்சமிருந்த பந்தியிலும் முதுகைத்தான் காட்டுகிறாய். இப்போது நீயும் இல்லை. உன் காரியத்தன்று, ஆசைக்குப் போட்டுப் பார்க்கக்கூட உன் முகம் இல்லையே என்று மதினியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னை அதட்டினாள். அந்த அதட்டலைத்தான் இன்னும் மனசில் வைத்திருக்கிறேன்.

"அன்னைக்கு அத்த சாப்ட்டாகள்ல? பெறகென்ன!"